மூன்று நாள் விருந்து, மூன்று மாத வாசம்

ஜூன் பிறந்தால் மதுரைக்கு வெளிநாட்டு இளைஞர்கள் வந்து இறங்கத் தொடங்குகிறார்கள். அவர்கள் ஊர்களில் அப்போதுதான் கல்லூரிக்குக் கோடை விடுமுறை. மீனாட்சியம்மன் கோயிலையும் திருமலை நாயக்கர் மகாலையும் பார்த்துவிட்டு மறுநாளே கொடைக்கானலுக்குக் கிளம்பிவிடும் சுற்றுலாக் கூட்டம் வேறு. இவர்கள் மருத்துவமனையிலோ, தொண்டு நிறுவனத்திலோ, கல்லூரி ஆய்வகத்திலோ இரண்டு மூன்று மாதம் தங்கி வேலை பழக வருகிறவர்கள். பயிற்சி மாணவர் என்று எழுதுகிறோம், பேச்சில் இன்டர்ன்தான்.

வந்த அன்று பொன்னாடை போர்த்துகிறோம். சந்தனம், கற்கண்டு, குரூப் போட்டோ, மதியம் தலைவாழை இலையில் சாப்பாடு. எல்லாம் மனம் நிறைந்துதான் செய்கிறோம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால், இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிள்ளை என்ன செய்கிறது என்று நம்மில் யாருக்கும் தெரிவதில்லை. விடுதி அறையில் மின்விசிறிக்குக் கீழே படுத்தபடி ஊரிலிருக்கும் அம்மாவோடு போனில் பேசிக்கொண்டிருக்கிறது. வெளியே போகலாம் என்றால் எந்தப் பேருந்து எங்கே போகிறது என்று தெரியாது. ஓட்டலில் எதைக் கேட்டு வாங்குவது என்று தெரியாது. யாரிடம் கேட்பது என்பதும் தெரியாது.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று நம் பெரியவர்கள் சொன்னதில் ஆழ்ந்த அனுபவம் இருக்கிறது. மூன்று நாளுக்கு மேல் ஒருவரை விருந்தாளியாக வைத்திருப்பது இரு தரப்புக்கும் பாரம். நான்காம் நாள் முதல் அவர் வீட்டு ஆளாகிவிட வேண்டும். தண்ணீர் குடம் எங்கே இருக்கிறது என்று தெரிந்து தானே எடுத்துக் குடிக்க வேண்டும். காய்கறி நறுக்கக் கூப்பிட்டால் வந்து உட்கார வேண்டும். செய்வது தவறென்றால் அதைச் சொல்லித் திருத்த வீட்டாருக்கு உரிமை வேண்டும். நாமோ இந்த மாணவர்களை மூன்று மாதமும் விருந்தாளியாகவே வைத்திருந்து அனுப்பிவிடுகிறோம். எனக்குள்ள வருத்தம் இதுதான்.

மதுரைக்கு இது புதிய பழக்கமும் அல்ல. டாக்டர் கோவிந்தப்பா வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கண் மருத்துவமும் மருத்துவமனை நிர்வாகமும் கற்க உலகம் வந்துபோகும் இடமாகிவிட்டது. 1993இல் ஹார்வர்டு வணிகப் பள்ளி அதைப் பற்றிய பாட ஆய்வை வெளியிட்ட பிறகு, மேலாண்மை படிக்கும் மாணவர்களும் தேடி வந்தார்கள். அதன் பயிற்சி நிறுவனமான லைக்கோவுக்கு ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளின் கண் மருத்துவமனைகளிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். அமெரிக்க மாணவர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் இந்திய மொழிகள் கற்றுத்தரும் அமெரிக்க இந்தியவியல் நிறுவனம், தமிழ் வகுப்பை நடத்துவது மதுரையில்தான். ஓபர்லின் கல்லூரியோடு தொடர்புடைய ஷான்சி அமைப்பு லேடி டோக் கல்லூரிக்கும் அமெரிக்கன் கல்லூரிக்கும் இளம் பட்டதாரிகளை அனுப்பிய வரலாறும் நீண்டது. வேலூரில் 1900இல் சிறு மருத்துவ நிலையமாகத் தொடங்கிய கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வெளிநாட்டு மருத்துவ மாணவர்கள் சில வாரப் பயிற்சிக்கு வருவதும், 1964இல் தொடங்கிய இந்திய அரசின் ஐடெக் திட்டத்தில் பல நாட்டு அலுவலர்கள் சென்னைக்கு வந்து பள்ளிக்கரணை தேசியக் காற்றாலை நிறுவனத்திலும் தரமணி தொழில்நுட்ப ஆசிரியர் பயிற்சி நிறுவனத்திலும் படித்துச் செல்வதும் இதே கதையின் பகுதிகள். ஆக, ஆள் வருவதற்குக் குறைவில்லை. வந்தவரை ஊருக்குள் சேர்த்துக்கொள்ளும் ஏற்பாடுதான் குறைவு.

அப்படிச் சேர்த்துக்கொண்டவர்கள் நம்மிடையே இருந்திருக்கிறார்கள். 1706 ஜூலையில் சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கியபோது அவருக்கு 24 வயதுகூட நிரம்பவில்லை. தமிழில் ஒரு சொல் தெரியாது. டேனிஷ்காரர்களின் கோட்டை அங்கே இருந்தது. ஆனால் அவருக்கு ஊரைத் திறந்துவிட்டது கோட்டை இல்லை. திண்ணைப் பள்ளிக்கூடம் நடத்திய ஒரு முதிய வாத்தியார் தம் பள்ளியையே அவர் தங்கியிருந்த இடத்துக்கு மாற்றிக்கொண்டு வந்தார். சின்னப் பிள்ளைகளோடு பிள்ளையாகத் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுத்து பழகினார் அந்த ஜெர்மானியர். அவர் மதம் பரப்ப வந்தவர், அதைப் பற்றிய விவாதம் தனி. எனக்கு அந்த வாத்தியார்தான் முக்கியம். வந்தவர் பெரிய இடத்து ஆள் என்று நாற்காலி போட்டு ஒதுக்கி வைக்காமல், கற்க வந்தவனுக்குரிய இடத்தைக் கொடுத்தார். 1715இல் தரங்கம்பாடி அச்சுக்கூடத்திலிருந்து தமிழ்ப் புதிய ஏற்பாடு வெளிவந்ததற்குப் பின்னால் அந்த மணல் இருக்கிறது.

இன்று நம் நிறுவனங்கள் முதல் நாள் தரும் கோப்பில் என்ன இருக்கிறது? நிறுவனத்தின் வரலாறு, வைஃபை கடவுச்சொல், உணவு நேரம், அருகிலுள்ள சுற்றுலா இடங்கள். ஊரில் பிழைக்கத் தேவையான தமிழ் அதில் இல்லை. பத்து மணி நேரத் தமிழ் போதும். நூறுவரை எண்கள், இடம், வலம், நேராக, நிறுத்துங்கள், எவ்வளவு, காரம் வேண்டாம், எனக்கு உடம்பு சரியில்லை, கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள். இவ்வளவு தெரிந்தால் ஒருவர் பெரியார் பேருந்து நிலையத்திலிருந்து தனியாகத் திரும்பி வந்துவிடுவார். ஆங்கிலம் தெரிந்தவர்கள் நிறைய இருக்கிறார்களே என்று சொல்வது சரியில்லை. நகரப் பேருந்தில் பக்கத்தில் உட்காரும் அம்மாவுக்கும், பூக்கட்டும் அக்காவுக்கும், விடுதி வாசலில் இருக்கும் காவலருக்கும் ஆங்கிலம் வேண்டியதில்லை. அவர்கள்தான் ஊர்.

கண் மருத்துவமனைக்கு வரும் மாணவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் அங்கே யாரிடம் அதிகம் கற்கிறார்? மருத்துவர்களிடம் என்றுதான் நினைத்துக்கொண்டு வருகிறார். பார்வையைச் சோதிப்பது, சொட்டு மருந்து விடுவது, அறுவைக் கூடத்தில் கருவிகளை எடுத்து நீட்டுவது, முதியவரின் கையைப் பிடித்து அழைத்துப் போவது என்று அரவிந்தின் வேலையில் பெரும்பகுதியைச் சுமப்பவர்கள் கிராமங்களிலிருந்து பிளஸ் டூ முடித்து வந்து இரண்டு ஆண்டு பயிற்சி பெற்ற பெண்கள். எல்லோருக்கும் அவர்கள் சிஸ்டர். கண்ணில் கட்டோடு படுத்திருக்கும் தாத்தாவிடம் ஒரு சிஸ்டர் குனிந்து பேசும்போது குரலை எவ்வளவு உயர்த்த வேண்டும், எப்போது தோளைத் தொட வேண்டும், பயப்படுகிறவரிடம் பேரன் பேத்திகளைப் பற்றி எப்போது கேட்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அதை எந்தக் கையேட்டிலும் எழுதிவிட முடியாது. வெளிநாட்டு மாணவர் அந்தப் பெண்ணோடு ஒரு வாரம் கூடவே நடந்தால், மருத்துவமனை எப்படி இயங்குகிறது என்பதோடு இந்த மாவட்டம் எப்படிப் பேசுகிறது, எப்படிக் கவலைப்படுகிறது என்பதும் பிடிபடும். கலாசார அறிமுகம் என்று ஒரு மாலை பரதநாட்டியம் வைப்பதைவிட இது எத்தனையோ மேல். நடனம் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதை மட்டும் காட்டிவிட்டு எல்லாம் காட்டியாயிற்று என்று இருந்துவிடக் கூடாது.

வீடுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். மதுரையில் தமிழ் படிக்க வந்தவர்களைத் தங்க வைத்துப் பழகிய குடும்பங்கள் உண்டு. அந்த வீடுகளில் அடுக்களைதான் வகுப்பறை. வந்த புதிதில் இலைச் சாப்பாட்டில் ரசம் வரும் நேரம் எல்லா வெளிநாட்டுப் பிள்ளைகளும் தடுமாறும். சாம்பார்ச் சோற்றைத் தட்டுத்தடுமாறிக் கையால் பிசைந்து சாப்பிட்டு முடித்திருக்கும். அடுத்து ரசத்தை ஊற்றியதும் அது இலையின் சரிவில் ஓடி மடியை நோக்கி வரும். ஸ்பூன் கொண்டுவந்து கொடுத்துவிடுவது சுலபம். நல்ல வீட்டில் அப்படிச் செய்யமாட்டார்கள். பக்கத்தில் இருக்கும் அத்தை, “சோத்துல குழி பண்ணிக்க கண்ணு” என்று தன் இலையில் செய்து காட்டுவார். சோற்றைச் சுற்றிக் கரை கட்டி, நடுவில் ரசத்தை வாங்கி, நான்கு விரலால் அள்ளிக் கட்டை விரலால் வாய்க்குள் தள்ள வேண்டும். இரண்டாம் முறை கொஞ்சம் ஓடும். நான்காம் முறை ஓடாது. போதும் என்று ஒரு தரம் சொன்னால் பரிமாறுகிறவர் நிறுத்தமாட்டார், கையை இலைக்கு மேல் நீட்டி இன்னொரு தரமும் சொல்ல வேண்டும் என்பதும், சாப்பிட்டு முடித்தால் இலையைத் தன் பக்கமாக மடிக்க வேண்டும் என்பதும் அந்த ஒரு வேளையிலேயே தெரிந்துவிடும். அதற்கப்புறம் எந்தக் கல்யாண வீட்டிலும் அந்தப் பிள்ளை பந்தியில் தைரியமாக உட்காரும்.

எல்லா நிறுவனமும் மூன்று மாதத்துக்கும் வீடு பிடித்துத் தர முடியாது என்பது எனக்குப் புரிகிறது. ஆனால், ஆளுக்கொரு குடும்பத்தைச் சொல்லிவைக்கலாம். ஞாயிற்றுக்கிழமை மதியம் வா, பண்டிகைக்கு வா, காய்ச்சல் வந்தால் போன் பண்ணு என்று சொல்ல ஒரு வீடு. நிறுவனத்தின் கணக்கர் வீடாகவோ ஓட்டுநர் வீடாகவோகூட இருக்கலாம். ஆங்கிலம் பேசும் வீடு, குளிர்சாதனம் உள்ள வீடு என்று தேட வேண்டியதில்லை. இங்கே நம்மிடம் ஒரு தயக்கம் இருக்கிறது: வீடு சின்னது, கழிப்பறை நம்மூர் மாதிரி, அவர்கள் என்ன நினைப்பார்களோ என்று. அந்தப் பிள்ளைகள் வசதியைத் தேடி இங்கே வரவில்லை. வந்தால் பாயைப் போட்டு உட்கார வைத்து, அங்கே மழை பெய்யுமா, உன் அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்கும் வீடு அவர்களுக்குப் போதும்.

அப்படிக் கேட்பதிலும் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். கல்யாணம் ஆகிவிட்டதா, சம்பளம் எவ்வளவு, ஏன் இவ்வளவு ஒல்லியாக இருக்கிறாய் என்று நாம் கேட்பது அக்கறையில். அந்தப் பழக்கம் இல்லாத ஊரிலிருந்து வந்தவருக்கு முதல் வாரம் அது விசாரணையாகத் தெரியும். விரும்பாவிட்டால் சிரித்துக்கொண்டே பேச்சை மாற்றலாம், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள் என்று ஒருவர் சொல்லிக்கொடுத்துவிட்டால் அந்தச் சங்கடம் தீர்ந்துவிடும். நம் பக்கமும் கொஞ்சம் கற்க வேண்டும். கதவைத் தட்டாமல் அறைக்குள் நுழைவது, கேட்காமல் கூட நின்று செல்ஃபி எடுப்பது, தலைமுடியைத் தொட்டுப் பார்ப்பது ஆகியவற்றை நாம் விட்டுவிட வேண்டும்.

முன்கூட்டியே சொல்ல வேண்டியவற்றில் முதலாவது கோயில். மீனாட்சியம்மன் கோயிலின் பிரகாரங்களையும் ஆயிரங்கால் மண்டபத்தையும் யாரும் பார்க்கலாம். சுவாமி, அம்மன் சந்நிதிகளுக்குள் இந்துக்கள் அல்லாதோருக்கு அனுமதி இல்லை. கைபேசியை வெளியே வைத்துவிட்டுப் போக வேண்டும், உடைக்கும் விதி உண்டு. இதைச் சொல்லாமல் அழைத்துப் போய், கூட வந்தவர்கள் எல்லாம் உள்ளே நுழைய, ஒருவரை மட்டும் தடுத்து நிறுத்துவது பெரிய தலைகுனிவு. முதல் நாளே தெரிந்திருந்தால் அவர் கொடிமரத்துக்கு இப்பால் உட்கார்ந்து, வருவோர் போவோரைப் பார்த்துக்கொண்டு நிறைவாக ஒரு மாலையைக் கழிப்பார். அந்த விதி சரியா தவறா என்று வாதிடவும் அவருக்கு உரிமை உண்டு. அந்த வாதம் வீட்டுத் திண்ணையில் நடக்கட்டும், நம்மிடையே நடப்பதுபோலவே. காவலரோடு வாசலில் வேண்டாம்.

சித்திரையில் இங்கே இருக்க வாய்த்தவர்கள் பாக்கியசாலிகள். மீனாட்சி பட்டாபிஷேகம், திக்விஜயம், திருக்கல்யாணம், தேர் என்று ஒரு பக்கம். அழகர்மலையிலிருந்து கள்ளழகர் புறப்பட்டு வந்து வைகையில் இறங்குவது இன்னொரு பக்கம். இரண்டு திருவிழாவையும் சேர்த்து வைத்தவர் திருமலை நாயக்கர் என்பார்கள். வெளிநாட்டு மாணவர்களை நாம் இதற்கு எப்படி அழைத்துப் போகிறோம்? ஆற்றங்கரையில் முக்கியப் பிரமுகர்களுக்கான பந்தலில் பாஸ் வாங்கி, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைக்கிறோம். அங்கிருந்து பார்த்தால் தூரத்தில் குதிரை வாகனமும் தலைகளும் தெரியும். எதிர்சேவை இரவில் தல்லாகுளத்துக்கு ஒரு குடும்பத்தோடு அனுப்பிவையுங்கள். செம்பில் நாட்டுச் சர்க்கரையை நிரப்பி, வாழையிலையால் மூடி, அதன் மேல் சூடம் ஏற்றிக் கையில் ஏந்தி நிற்கும் பாட்டிகளுக்குப் பக்கத்தில் நிற்கட்டும். கருப்பசாமி வேடமிட்டு, தோல்பையிலிருந்து தண்ணீர் பீய்ச்சியபடி வரும் கூட்டத்தில் நனையட்டும். அழகர் என்ன நிறப் பட்டு உடுத்தி வருகிறார் என்று ஊரே பேசிக்கொண்டிருப்பதைக் கேட்கட்டும். பச்சைப் பட்டு என்றால் அந்த ஆண்டு செழிக்கும் என்பது நம்பிக்கை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஏதாவதொரு மண்டகப்படியில் நீர்மோர் ஊற்றிக்கொடுக்கும் வேலையை அவர்களிடம் கொடுங்கள். வேடிக்கை பார்க்கிறவர் கையில் டம்ளரைக் கொடுத்துவிட்டால் அவர் விழாவுக்குள் வந்துவிடுகிறார். கூட்டம் பற்றிய எச்சரிக்கையும் அவசியம். 2022இல் அழகர் ஆற்றில் இறங்கிய அதிகாலை நெரிசலில் சிக்கி இருவர் இறந்தார்கள். எங்கே நிற்பது, எந்தச் சந்து வழியாக வெளியேறுவது என்று தெரிந்த ஓர் உள்ளூர்க்காரர் கூட இல்லாமல் யாரையும் அனுப்பக் கூடாது.

இனி நான் சொல்வது சிலருக்குக் கசக்கும். நம் வரவேற்பு எல்லோருக்கும் ஒன்றாக இல்லை.

வெள்ளை நிறத்தவர் என்றால் வீட்டுக்கு அழைக்க முண்டியடிக்கிறோம். ஆப்பிரிக்க நாட்டிலிருந்து வந்த மருத்துவரோ மாணவரோ என்றால் அதே வீடுகள் யோசிக்கின்றன. வாடகைக்கு அறை இல்லை என்கிறார்கள். பேருந்தில் அவர் பக்கத்து இருக்கை காலியாகவே போகிறது. தெருவில் பிள்ளைகள் கேலி பேசினால் பெரியவர்கள் அதட்டுவதில்லை. 2016 ஜனவரியில் பெங்களூருவில் தான்சானிய மாணவி ஒருவர் கும்பலால் தாக்கப்பட்டதும், 2017 மார்ச்சில் கிரேட்டர் நொய்டாவில் நைஜீரிய மாணவர்கள் அடித்து நொறுக்கப்பட்டதும் நாடு தலைகுனிந்த நிகழ்ச்சிகள். அவை வேறு மாநிலங்களில் நடந்தவை என்று நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. அடிதடிக்கு முந்தைய படிகள் எல்லாம் நம் தெருவிலும் இருக்கின்றன. கறுப்பு நிறத்தை அழகு என்று மேடையில் பேசும் நாம்தான், கறுத்த ஒருவர் பக்கத்தில் வந்தால் கைப்பையை இறுக்கிப் பிடிக்கிறோம்.

நேபாளத்திலிருந்தோ வங்கதேசத்திலிருந்தோ பயிற்சிக்கு வந்தவரை வடக்கத்திய கூலித் தொழிலாளி என்று நினைத்து ஒருமையில் பேசுவதும் நடக்கிறது. அவர் யார் என்று தெரிந்ததும் குரல் மாறுகிறது. கூலித் தொழிலாளியாக இருந்தாலும் ஒருமையில் பேச நாம் யார் என்ற கேள்வி அங்கே யாருக்கும் எழுவதில்லை. கனடாவிலும் மலேசியாவிலும் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் வந்தால் இன்னொரு விதமான கஷ்டம். முகத்தைப் பார்த்தால் நம் வீட்டுப் பெண். வாயைத் திறந்தால் தமிழ் தடுமாறுகிறது. உடனே, “தமிழ்ப் பொண்ணாயிருந்துக்கிட்டுத் தமிழ் தெரியாதா?” என்று முகத்துக்கு நேரே கேட்கிறார்கள். தப்பும் தவறுமாகப் பேசும் ஐரோப்பியருக்குக் கைதட்டு, அதே தமிழைப் பேசும் தமிழ்ப் பிள்ளைக்குக் கண்டிப்பு. பாட்டி ஊரைப் பார்த்துப் போகலாம் என்று ஆசையாக வந்த பிள்ளையை இப்படி ஒரு கேள்வியில் வெளியே தள்ளிவிடுகிறோம்.

ஆகவே, குடும்பங்களை ஒதுக்கும்போது யாருக்கு யார் என்பதை நிறுவனமே முடிவு செய்யட்டும். எங்களுக்கு இந்த நாட்டவர்தான் வேண்டும் என்று கேட்கும் குடும்பத்துக்கு அந்தப் பொறுப்பைக் கொடுக்க வேண்டாம். விடுதியிலோ உணவகத்திலோ நிறத்தைச் சொல்லி ஒரு சொல் விழுந்தாலும் அதை விளையாட்டு என்று விட்டுவிடாமல் அன்றே கண்டிக்கத் தலைமைக்குத் துணிவு வேண்டும்.

பெண் மாணவர்களின் பாதுகாப்பைப் பற்றி நாம் பூசி மெழுகிப் பேசுகிறோம். தமிழ்நாடு பாதுகாப்பான மாநிலம் என்று பெருமை சொல்லிவிட்டு, இருட்டியபின் வெளியே போகாதே என்று கதவைச் சாத்துகிறோம். இரண்டும் உதவாது. எந்தத் தெருவில் எத்தனை மணிவரை கடைகள் திறந்திருக்கும், பின்தொடர்ந்து வருகிறவனிடம் என்ன சொல்லிக் குரல் எழுப்ப வேண்டும், எந்த எண்ணுக்கு அழைக்க வேண்டும் என்று விவரமாகச் சொல்ல வேண்டும். நம் பெண்கள் நூறு நாசூக்குகளைச் சிறுவயதிலிருந்தே கற்றிருக்கிறார்கள். கூட வேலை பார்க்கும் பெண்களை உட்கார்ந்து பேசவிட்டால் ஒரு மாலையில் அவை கைமாறிவிடும். தொல்லை வேலையிடத்துக்குள்ளேயே வருமானால், 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் பயிற்சி பெறுகிறவரையும் ஊழியராகவே கருதிப் பாதுகாப்புத் தருகிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு கட்டாயம். அந்தக் குழுவில் இருப்பவர்களின் பெயரும் எண்ணும் வெளிநாட்டு மாணவியின் கையில் முதல் நாளே இருக்க வேண்டும். மூன்று மாதத்தில் போய்விடுகிறவள்தானே என்று புகாரை ஆறப்போடுவதைவிட மோசமான உபசரிப்பு கிடையாது.

காகித வேலை தனி. வெளிநாட்டவர் தங்குவதை 24 மணி நேரத்துக்குள் பதிவு செய்ய வேண்டும். நீண்டகால விசாவில் 180 நாளுக்கு மேல் தங்க வருகிறவர் 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும். இதற்குப் பயந்தே பல வீட்டுக்காரர்கள் கதவைத் திறப்பதில்லை. நிறுவனம் ஒருவரை இதற்கென்று அமர்த்திவிட்டால் முடிந்துபோகிற காரியம் இது.

வருகிறவர்களுக்கும் கடமை உண்டு. அதை மரியாதையாக, ஆனால் மழுப்பாமல் சொல்வதும் வரவேற்பில் சேர்த்திதான். கண் முகாமில் வரிசையில் உட்கார்ந்திருக்கும் முதியவர்களைக் கேட்காமல் படம் பிடித்து இணையத்தில் போடக் கூடாது. மருத்துவப் படிப்பு முடியாதவர், தன் நாட்டில் செய்ய அனுமதி இல்லாத சிகிச்சையை இங்கே செய்து பார்க்கக் கூடாது. ஏழை நோயாளி ஆட்சேபம் சொல்லமாட்டார் என்பதாலேயே அந்த வேலி இன்னும் உயரமாக இருக்க வேண்டும். இதைச் சொல்ல நாம் கூசுகிறோம். விருந்தாளியிடம் எப்படிச் சொல்வது என்று நினைக்கிறோம். வீட்டுப் பிள்ளையாக நினைத்திருந்தால் தயங்கியிருக்கமாட்டோம்.

உருப்படியான வேலை தருவதும் அப்படியே. வெளிநாட்டு மாணவரை ஆண்டறிக்கைப் படத்துக்காகவும், ஆங்கிலக் கடிதங்களைத் திருத்தவும் வைத்துக்கொண்டு மூன்று மாதத்தை ஓட்டும் இடங்கள் இருக்கின்றன. நல்ல வேலை கொடுத்து, மேற்பார்க்க ஒருவரையும் வைத்தால், ஊர் பிடிப்பது தானாக நடக்கும். வேலை என்று வந்துவிட்டால் நாலு பேரிடம் பேசியாக வேண்டும், நாலு தெரு நடந்தாக வேண்டும். வெளியிலிருந்து வந்தவரை மதுரை ஆழமாக மாற்றியதற்கு மேலமாசி வீதியில் சாட்சி இருக்கிறது. 1921 செப்டம்பர் 22ஆம் தேதி காந்தி முழு உடையைக் களைந்து அரையாடைக்கு மாறியது அங்கேதான். கதர் வாங்கக் காசில்லாத மக்களை வழிநெடுகக் கண்ட மனிதர் எடுத்த முடிவு அது. இன்று வரும் இளைஞர்களிடம் அப்படியொரு மாற்றத்தை யாரும் எதிர்பார்க்க வேண்டாம். மக்கள் நடுவே நடமாடும் வழியையாவது நாம் அடைக்காமல் இருக்கலாம்.

கடைசியாக ஒன்று. வெளிநாட்டு மாணவர் வரும் அதே நிறுவனத்துக்கு, அதே மாதத்தில், கமுதியிலிருந்தோ திருவாடானையிலிருந்தோ ஓர் அரசுக் கல்லூரி மாணவரும் பயிற்சிக்கு வருகிறார். 2022இல் தமிழ்நாடு அரசின் நான் முதல்வன் திறன் பயிற்சித் திட்டம் வந்த பிறகு இப்படி வருகிறவர்களைப் பற்றிய பேச்சும் பெருகியிருக்கிறது. அவருக்கும் இது புதிய ஊர். ஆங்கிலத்தில் நடக்கும் கூட்டத்தில் வாய் திறக்கக் கூச்சம். அலுவலக உணவகத்தில் யாரோடு உட்காருவது என்ற தயக்கம். தங்க இடம் தேடி அலைச்சல். அவருக்குப் பொன்னாடை இல்லை என்பதைப் பற்றி நான் கவலைப்படவில்லை. அறை இல்லை, அறிமுகம் செய்துவைக்க ஆள் இல்லை என்பது கவலைப்பட வேண்டியது.

இந்த இருவரையும் இணையாகச் சேர்த்துவிடலாம் என்பது என் யோசனை. ஒரே பகுதியில் வேலை, ஒரே விடுதி, ஞாயிறு மதியத்துக்கு ஒரே வீடு, உதவித்தொகையும் ஒரே அளவு. கமுதிப் பிள்ளை பேருந்தும் கடையும் மனிதர்களும் காட்டிக்கொடுப்பார். மற்றவர் கூட்டத்தில் கேள்வி கேட்கும் துணிச்சலைக் காட்டிக்கொடுப்பார். நிறுவனத்துக்கு இதில் பெரிய செலவு இல்லை. மே மாதத்தில் அறை ஒதுக்கும் பட்டியல் போடும்போது, வெளிநாட்டவருக்கு ஒன்று, உள்ளூராருக்கு ஒன்று என்று இரண்டு பட்டியல் போடாமல் ஒரே பட்டியலாகப் போட வேண்டும். அதைச் செய்ய யாருடைய அனுமதியும் தேவையில்லை.